மனைவி 18 நாள் ஜப்பான் வருகிறார்: எதைக் காட்டுவது, எதை விடுவது?

தாமா கரைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கவாசாகி நகரத்தின் நொபொரித்தோ பகுதியில், ஓர் அறையும் அதற்குள்ளேயே ஓர் அடுப்பும் கொண்ட வீட்டில் இரண்டு ஆண்டுகளாகத் தனியாக இருக்கிறேன். சென்ற ஆவணியில் எங்களுக்குத் திருமணம் நடந்தது. விடுப்பு முடிந்ததால், திருமணமான பன்னிரண்டாம் நாளே நான் விமானம் ஏறிவிட்டேன். கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் மனைவியால் கல்வியாண்டின் நடுவில் வேலையை விட்டு வர இயலவில்லை. இப்போது கோடை விடுமுறையில், மே 2 முதல் 19 வரை, குறுகிய கால விசாவில் வருகிறார். அவர் கடல் தாண்டுவது இதுவே முதல் முறை.

மே 3, 4, 5 தேதிகள் எங்கள் அலுவலகத்துக்கு விடுமுறை. அவற்றைத் தவிர நான்கு நாள் விடுப்புக் கிடைக்கும். அதற்கு மேல் கேட்க முடியாது. டோக்கியோ, நிக்கோ, ஹகோனே, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா என்று ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். எழுதிப் பார்த்தால் சில நாட்களில் ஆறு இடங்கள் வருகின்றன. விடுமுறை நாட்களிலேயே கியோட்டோவை முடித்துவிடலாமா, ரயில்களில் சுற்றுவதற்கான ஜேஆர் பாஸ் வாங்குவது லாபமா, முட்டைகூடச் சாப்பிடாத ஒருவருக்கு வெளியில் என்ன வாங்கிக் கொடுப்பது என்பவை என் கேள்விகள். இவற்றையெல்லாம் விட என்னை அதிகம் உறுத்துவது, நான் அலுவலகம் போகும் நாட்களில் அவர் இந்த ஓரறை வீட்டில் என்ன செய்வார் என்பதுதான். அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும்.

நிஷிகசாய் மூத்தவர் எழுதியது:

தம்பி, முதலில் அந்தக் கியோட்டோவைத் தள்ளிப் போடுங்கள். ஏப்ரல் 29 தொடங்கி மே 5 வரை பொன் வாரம் என்று நாடே புறப்பட்டுச் செல்லும் காலம். அந்த நாட்களில் நொசோமி என்னும் அதிவேக ஷின்கான்சென் ரயில்களில் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூட இருக்காது. எல்லாம் முன்பதிவு இருக்கைகளாக மாற்றப்பட்டிருக்கும், விடுதிகளின் வாடகையும் தாறுமாறாக ஏறியிருக்கும். சுற்றுலாத் தலங்கள் நிரம்பி வழியும் அதே நாட்களில் அலுவலகப் பகுதிகளும் குடியிருப்புத் தெருக்களும் அமைதியாகக் கிடக்கும் என்பதால், அந்த மூன்று நாளும் அவரை உங்கள் பகுதியிலேயே நடக்க வையுங்கள். விமானக் களைப்பும் நீங்கும். விடுப்பு நான்கையும் மே 7-க்குப் பிறகு வார நாட்களில் எடுங்கள்.

ஜேஆர் பாஸ் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். குறுகிய கால வருகையாளர் என்ற முத்திரை கடவுச்சீட்டில் உள்ளவருக்குத்தான் அது கிடைக்கும். வசிப்பிட அட்டை வைத்திருக்கும் உங்களுக்குக் கிடையாது. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒரு வழிக் கட்டணம் சுமார் 14,000 யென், போய்வர 28,000. அந்த ஒரு பயணத்துக்காக 50,000 கொடுப்பதில் பொருளே இல்லை. அதோடு பாஸ் வைத்திருப்பவர் நொசோமியில் ஏறத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். மனைவி ஒரு வண்டியிலும் நீங்கள் ஒரு வண்டியிலும் போவதற்காகவா அவரை அழைக்கிறீர்கள்?

இன்னொன்று, வீட்டு வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஓரறை வீடுகள் பெரும்பாலும் ஒருவர் மட்டுமே தங்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்படுபவை. பதினெட்டு நாள் மனைவி தங்குகிறார் என்று மேலாண்மை அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொல்லாமல் இருந்து, பக்கத்து வீட்டுக்காரர் மூலம் அவர்களுக்குத் தெரியவந்தால்தான் சங்கடம்.

நாகோயா மாணவன் எழுதியது:

மூத்தவர் சொல்லும் கணக்குச் சரிதான், ஆனால் திட்டத்தைக் குறைக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. விமானச் சீட்டுக்கு அவ்வளவு பணம் கொடுத்து ஒருவர் வருகிறார். மறுபடி எப்போது வருவார் என்பது யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க ஹிரோஷிமாவைப் பார்க்காமல், அதன் அருகே மியாஜிமா தீவின் கடலுக்குள் நிற்கும் தோரி என்ற கோயில் நுழைவாயிலைப் பார்க்காமல் திருப்பி அனுப்புவது நியாயமா? களைப்பு இரண்டு நாளில் போய்விடும். பார்க்காமல் விட்ட வருத்தம் அவ்வளவு எளிதில் போகாது.

கோபே சகோதரி எழுதியது:

நான் இங்கே வேலையில் இருக்கிறேன். என் கணவர் மதுரையிலிருந்து இரண்டு முறை வந்து போயிருக்கிறார். முதல் முறை நாகோயா தம்பி சொன்ன மாதிரிதான் திட்டமிட்டேன். கியோட்டோவில் இரண்டு நாளில் ஏழு கோயில்களைக் காட்டினேன். ஊருக்குப் போன பிறகு அவருடைய கைப்பேசியில் இருந்த படங்களில் எது எந்தக் கோயில் என்று அவருக்கும் தெரியவில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை. அவர் இன்றுவரை மறக்காமல் பேசுவது, மழைக்கு ஒதுங்கிய ஒரு தேநீர்க் கடையில் மூதாட்டி ஒருவர் அவருடைய நனைந்த காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துக் கொடுத்ததைத்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. உதோன், சோபா என்னும் நூடுல்ஸ் வகைகள், மிசோ சூப் எல்லாவற்றுக்கும் அடித்தளமான தாஷி என்ற சாறு, பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற உலர்ந்த மீன் சீவலில் காய்ச்சப்படுகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. கடையில் விற்கும் ஜப்பானியக் குழம்பு மசாலாக் கட்டிகளிலும் விலங்குக் கொழுப்பு இருப்பதுண்டு. கொம்பினி என்ற சிறு கடைகளில் அவசரத்துக்கு உப்பு ஒனிகிரியும் (சோற்று உருண்டை) உமேபோஷி என்ற ஊறுகாய் வைத்த ஒனிகிரியும் கைகொடுக்கும், ஆனாலும் சில நிறுவனங்கள் சோற்றிலேயே தாஷி போன்ற சாறு சேர்ப்பதால் பின்பக்கச் சீட்டைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கியோட்டோவில் கோயில்களைச் சார்ந்த ஷோஜின் ர்யோரி என்ற துறவியர் உணவு மீனோ முட்டையோ இன்றிச் சமைக்கப்படுகிறது. அதை ஒரு வேளையாவது அவருக்கு வாங்கிக் கொடுங்கள். எள்ளில் செய்த தோஃபுவும் வேகவைத்த காய்களும் வரும். நம் நாக்குக்குக் காரம் போதாது என்றாலும் பத்தியச் சமையலை நினைவூட்டும் ஒரு பக்குவம் அதில் உண்டு. வெளியூர் போகும்போது புளியோதரை கட்டிக்கொண்டு போவதில் எந்த வெட்கமும் வேண்டாம். ஷின்கான்சென்னில் எல்லாருமே பெட்டியைத் திறந்து சாப்பிடுகிறவர்கள்தாம்.

வந்து போனவள் எழுதியது:

இந்த இழையில் பேசுகிறவர்கள் எல்லோரும் அழைத்தவர்கள். நான் அழைக்கப்பட்டவள். இப்போது யோகோஹாமாவில் குடும்ப விசாவில் இருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக வந்தபோது, நீங்கள் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விக்குள்தான் என்னுடைய மூன்று வாரமும் கழிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு என் கணவர் கிளம்பிவிடுவார். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் வீடு முழுவதும் எனக்குப் படிக்கத் தெரியாத பொத்தான்களாக மாறிவிடும். சலவை இயந்திரத்தில் எட்டுப் பொத்தான்கள், குளியலறைச் சுவரில் நீரைச் சூடாக்கும் பலகை, கழிப்பறையில் இன்னொரு பலகை, காற்றுப்பதனியின் கைக்கருவி. எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவோமோ என்று எதையும் தொடமாட்டேன். ஒரு நாள் வாசல் மணி அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆள் இல்லாத வீடு போல உட்கார்ந்திருந்தேன். இன்னொரு நாள் கைப்பேசி இதுவரை கேட்டிராத குரலில் அலறியது. சில நொடிகளில் ஏழாவது மாடி ஆடியது. நிலநடுக்கம் என்று தெரியும், ஆனால் வெளியே ஓடுவதா, மேசைக்கு அடியில் போவதா என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மாலையில் என் கணவர் ஆசையோடு வந்து, சனிக்கிழமை நிக்கோ போகலாம் என்று படங்களைக் காட்டினார். எனக்கு அழுகைதான் வந்தது. என்னை அன்போடு பார்த்துக்கொண்ட மனிதர் அவர். ஆனாலும் மூன்று வாரத்தில் ஒரு முறைகூட அந்த வீட்டுக் கதவை நானாகத் திறந்து மூடவில்லை, ஏனென்றால் என்னிடம் சாவி இல்லை.

ஆகவே சகோதரரே, முதல் நாளே அவர் கையில் ஒரு சாவியைக் கொடுத்துவிடுங்கள். உரிமையாளரைக் கேட்காமல் நகல் எடுக்கக் கூடாது. வீடு எடுத்தபோது இரண்டு கொடுத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். அடுத்து, பொத்தான்கள் எல்லாவற்றிலும் தமிழில் சீட்டு ஒட்டுங்கள். அவருக்கென்று தனியாக, ரயில் கட்டணத்துக்கான ஒரு சுயிகா அட்டை வேண்டும். வருகையாளருக்கான வெல்கம் சுயிகா விமான நிலையத்திலேயே கிடைக்கும், 28 நாள் செல்லும், உங்களுக்குச் சரியாகப் போதும். நிலநடுக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும், உங்கள் பகுதி மக்கள் கூடும் இடம் எந்தப் பள்ளி என்று அழைத்துப் போய்க் காட்டுங்கள். பிறகு, வீட்டிலிருந்து கடைக்கும் நிலையத்துக்கும் போகும் வழியில் அவரை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பின்னால் நடந்து வாருங்கள். அவர் உங்கள் பின்னாலேயே நடந்து வந்தால் வழி ஒருநாளும் அவர் மனத்தில் பதியாது.

நாகோயா மாணவன் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் அம்மா சென்ற ஆண்டு வந்தபோது ஏன் அவ்வளவு மௌனமாக இருந்தார் என்பது புரிகிறது. ஹிரோஷிமா பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் சாவியை நானும் கொடுக்கவில்லை.

சைதாமா புதியவர் எழுதியது:

இழைக்குச் சற்று விலகிய கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் மனைவியை அழைக்க வேண்டும். விசாவுக்கு இங்கிருந்து என்னென்ன அனுப்பினீர்கள்?

தாமா கரைவாசி எழுதியது:

அழைப்பதற்கான காரணக் கடிதம், நாள்வாரியான தங்கும் திட்டம், செலவை நான் ஏற்கிறேன் என்ற உத்தரவாதக் கடிதம், நகராட்சி அலுவலகத்தில் வாங்கிய ஜூமின்ஹ்யோ என்ற வசிப்பிடப் பதிவுச் சான்று, வரிச் சான்று, வேலைச் சான்று ஆகியவற்றை அனுப்பினேன். ஜூமின்ஹ்யோவில் மை நம்பர் என்னும் தனிநபர் அடையாள எண் அச்சாகாமல் வாங்குங்கள். அது இருந்தால் திருப்பிவிடுவார்கள். ஊரில் அவர் திருமணப் பதிவுச் சான்றையும் சேர்த்துக் கொடுத்தார். தங்கும் திட்டத்தில் எழுதியபடிதான் சுற்ற வேண்டும் என்று எவரும் பின்தொடர்ந்து வருவதில்லை, ஆனால் நாள்தோறும் எங்கே இருப்பார் என்பதை ஒழுங்காக எழுதுங்கள்.

வந்து போனவள் சகோதரிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். பெட்டியைக் கவிழ்த்துத் தேடி இரண்டாவது சாவியை எடுத்துவிட்டேன். ஹிரோஷிமாவையும் நிக்கோவையும் ஒசாகாவையும் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டேன். அவர் கோயில் குளம் என்றால் மனம் மகிழ்கிறவர். கும்பகோணத்துக்காரருக்குக் கோயிலைக் காட்டுவது கொல்லர் தெருவில் ஊசி விற்கிற கதைதான் என்றாலும், அவருக்கு ஒட்டுதல் ஏற்படக்கூடிய இடம் எதையாவது சொல்லுங்கள்.

சுகுபா ஆய்வாளர் எழுதியது:

தயங்காமல் டோக்கியோவின் அசாகுசாவுக்கு அழைத்துச் செல்லுங்கள், ஆனால் அங்குள்ள சென்சோஜி கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து சுமிதா ஆற்றை ஒட்டி வடக்கே சற்று நடந்தால் ஒரு சிறு குன்றின் மேல் மட்சுச்சியாமா ஷோதென் என்ற கோயில் இருக்கிறது. அங்கே வழிபடப்படும் காங்கிதென் என்பவர் நம் பிள்ளையார்தான். பௌத்தத்தோடு சேர்ந்து சீனம் வழியாக இங்கே வந்து சேர்ந்தவர். கருவறை உருவத்தை யாருக்கும் காட்டுவதில்லை. மோதகத்துக்குப் பதிலாக அவருக்குப் படைப்பது வெள்ளை முள்ளங்கி. கோயிலிலேயே முழு முள்ளங்கியாக விற்பார்கள், வாங்கிச் சன்னிதியில் வைத்து வணங்கலாம். கல்லிலும் மரத்திலும் திரும்பிய பக்கமெல்லாம் முள்ளங்கிச் சின்னத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே போனால் உங்கள் மனைவி உங்களுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்.

உவேனோவின் ஷினோபாசு குளத்தின் நடுவே இருக்கும் பென்தென்தோ கோயிலில் உள்ள பென்சைதென், நம் சரஸ்வதி. இந்தத் தெய்வத்தின் பல உருவங்களில் கையில் வீணைக்குப் பதிலாக பீவா என்னும் நரம்புக் கருவி இருக்கும். ஓர் ஆசிரியை பார்க்க வேண்டிய தெய்வம்.

கியோட்டோ போகிறீர்கள் என்றால் நாராவுக்கு ஒரு பகலை ஒதுக்குங்கள். அங்குள்ள தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752-ஆம் ஆண்டு கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. அவர் தூரிகையால் கண்மணியை எழுதியபோது அதில் கட்டியிருந்த நீண்ட நூலைச் சூழ்ந்து நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது வரலாறு. ஏறத்தாழ 15 மீட்டர் உயரச் சிலையின் கீழே நின்றுகொண்டு இதைச் சொல்லிப் பாருங்கள். மான்களுக்கு அப்பளம் போன்ற பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு ஓடி வருவதோடு அந்த ஊர் முடிந்துவிடுவதில்லை.

நிஷிகசாய் மூத்தவர் எழுதியது:

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். குறுகிய கால விசாவில் வருகிறவருக்கு இங்குள்ள மருத்துவக் காப்பீட்டில் இடமில்லை. ஒரு பல்வலி என்றாலும் முழுத் தொகையும் கைக்காசுதான். ஊரிலிருந்து கிளம்பும்போதே பயணக் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள். தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 119, காவல்துறைக்கு 110. குளிர்பதனப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள். வெளியே போகும்போது கடவுச்சீட்டு அவர் கைப்பையில் இருக்கட்டும். அது சட்டப்படி தேவை.

தாமா கரைவாசி எழுதியது (மே இறுதியில்):

அவர் ஊர் போய்ச் சேர்ந்து எட்டு நாளாகிறது. நேரம் செலவழித்து எழுதியவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்வது என் கடமை.

மூத்தவர் சொன்னபடி விடுமுறை மூன்று நாளும் நாங்கள் பகுதியை விட்டு நகரவில்லை. இகுதா பூங்காவுக்குள் இருக்கும் பழைய வீடுகளின் காட்சியகத்துக்குப் போனோம். நாட்டின் பல பகுதிகளிலிருந்து பிரித்தெடுத்து வந்து திரும்பக் கட்டிய பண்ணை வீடுகள் அங்கே இருக்கின்றன. ஒரு வீட்டில் தரையில் வெட்டிய அடுப்பில் நெருப்பு மூட்டி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கூரைக்கு எதற்கு இவ்வளவு புகை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, புகை பட்டால்தான் கூரையில் பூச்சி அரிக்காது என்று என் மனைவி சொன்னார். அவருடைய பாட்டி வீடு கீற்று வேய்ந்தது. நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தப் பெரியவர் நிமிர்ந்து பார்த்து, இவர் எந்த ஊர் என்று கேட்டார். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

ஹகோனே போன அன்று பலத்த காற்றினால் கம்பிவட வண்டி நிறுத்தப்பட்டுவிட்டது. மாற்றுப் பேருந்துக்கு நெடுநேரம் வரிசையில் நின்றோம். ஃபூஜி மலையை மேகம் விடவேயில்லை. கியோட்டோ போகும் வழியில், காலை முதல் வண்டிகளில் ஒன்றில் வலப்பக்க இருக்கை எடுத்திருந்ததால், ஷின்-ஃபூஜி நிலையம் வருமுன் அது முழுதாகத் தெரிந்தது. கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலுக்குக் காலை ஆறு மணிக்கே போனோம். சிவப்புத் தோரிகளுக்கு நடுவே எங்கள் காலடி ஓசை மட்டும்தான் கேட்டது. முள்ளங்கிப் பிள்ளையாரையும் பார்த்தோம். இரண்டு முள்ளங்கி வாங்கி வைத்தார், ஒன்று அவருடைய வகுப்புக்காம்.

சகோதரி, இனி எழுதுவது உங்களுக்கு. சாவியை விமான நிலையத்திலேயே கொடுத்தேன். பதினோரு சீட்டுகள் ஒட்டியிருந்தேன். முதல் வேலை நாளன்று அவர் வெளியே போகவில்லை. இரண்டாம் நாள் கடைக்குப் போய்க் கத்தரிக்காயும் தயிரும் வாங்கி வந்ததாகப் படம் அனுப்பினார். ஐந்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து கிளம்பி முசாஷி-கொசுகி நிலையத்தின் பயணச்சீட்டு வாயிலுக்கு வந்தேன். அங்கே தூணோரமாக, சுயிகா அட்டையைக் கையில் பிடித்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். நம்பு வழித்தடத்தில் தனியாகவே ஏறி வந்திருக்கிறார். கூட்டத்துக்குள் அந்த முகத்தைக் கண்டபோது எனக்கு ஏற்பட்டதை இங்கே எழுதத் தெரியவில்லை.

திரும்பும்போது, நொபொரித்தோவில் இறங்கியதும், நான் தினமும் நடக்கும் வழியிலேயே போகலாம் என்றார். இங்கே இரவு எட்டரை என்றால் ஊரில் மாலை ஐந்து. அவர் பள்ளியிலிருந்து வந்திருப்பார், நான் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டே பேசுவேன். எட்டு மாதமாக அதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. கம்பி இறங்கும்போது மணி விடாமல் அடிக்கும், ரயில் கடந்து போகும்வரை நாங்கள் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். அன்று கம்பி இறங்கியது, மணி அடித்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுதானா அது?" என்று கேட்டார். ரயில் போன பிறகும் நகரவில்லை. இன்னொரு முறை மூடட்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். நான்கு ரயில்கள் போகும்வரை நின்றோம். எதிர் வீட்டு வாசலில் கட்டியிருந்த பழுப்பு நாய் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. என் திட்டத்தில் இருந்த எந்த இடத்திலும் அவர் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

சீட்டுகளை இன்னும் கிழிக்கவில்லை. குடும்ப விசாவுக்கான தகுதிச் சான்று பற்றித் தனி இழையில் கேட்கிறேன். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் வருவதாக முடிவு செய்திருக்கிறார். நேற்று இரவு பேசிக்கொண்டே அந்தக் கேட்டுக்கு வந்தேன். மணி அடிக்கத் தொடங்கியதும் வழக்கம்போல் நான் பேச்சை நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. "நாய் வெளியில் கட்டியிருக்கிறதா?" என்று கேட்டார்.